டெங்கு ரிப்போர்ட்: பிளேட்லெட்டை மட்டும் பார்த்துக் கொண்டிருக்காதீர்கள்

பெங்களூரில் மழை பிடித்துவிட்டால் அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கம் டெங்குவுக்கு அட்மிட் ஆனவர்களின் வீட்டாருக்கு வேலூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வருகிற போனில் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" அடுத்த வரியில் இருக்கும் ஹெச்சிடியை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதை, யாரும் கேட்பதில்லை. சில தாளில் அது பிசிவி என்று இருக்கும்.

டெங்குவில் பெரிய ஆபத்து, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது. நீர் கசியக் கசிய ரத்தம் கெட்டியாகி ஹெச்சிடி ஏறும். சேர்ந்த அன்று 38, மறுநாள் 46 என்றால் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. பிளேட்லெட் 80 ஆயிரம் இருந்தாலும் அது அவசரம்தான். முதல் நாள் தாள் இல்லாவிட்டால் இந்த ஏற்றம் தெரியாது. அதைப் பத்திரமாக வையுங்கள்.

"காய்ச்சல் விட்டாச்சே, டிஸ்சார்ஜ் பண்ணுங்க" என்று டாக்டரை நெருக்குவதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். கசிவு மும்முரமாவதும் அப்போதுதான். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, ஆள் துவண்டு போவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பிளேட்லெட் 20 ஆயிரம் என்றதும் வாட்ஸ்அப்பில் டோனர் தேட ஆரம்பிக்கிறோம். ரத்தக்கசிவு இல்லை, 10 ஆயிரத்துக்குக் கீழேயும் போகவில்லை என்றால் பொதுவாக ஏற்றத் தேவையில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. பப்பாளி இலைச் சாற்றை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். உடம்புவலிக்கு பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடாது.

உடம்பு தேறும்போது முதலில் வெள்ளணு ஏறும், பிளேட்லெட் பின்னால் வரும். கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்புவதால் ஹெச்சிடி இறங்கும். அந்த நேரத்தில் "தெம்புக்கு இன்னொரு பாட்டில் ஏத்துங்க" என்று கேட்காதீர்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆனால் ஹெச்சிடி இறங்கி நாடியும் படபடக்கிறது என்றால் உள்ளே ரத்தம் கசியலாம். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

கல்லீரல் டெஸ்ட்டில் வரும் எஸ்ஜிஓடி ஏறியிருப்பதைப் பார்த்து மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி அரைக்க வேண்டாம். டெங்குவே அதை ஏற்றும். பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில் தானாக இறங்கிவிடும்.