மணல் தீர்ந்த பிறகு இறங்க நினைக்காதீர்கள்: கேஸ் பலூன் பந்தயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் விடுமுறையில் பொள்ளாச்சி பலூன் திருவிழாவைப் பார்த்துவிட்டு வருகிற வேலூர்க்காரர்களுக்கு ஒரு ஆசை வரும். நம் கோட்டை மைதானத்திலிருந்து ஒன்றைக் கிளப்பிவிட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று போட்டி வைத்தால் என்ன? அப்படிப்பட்ட போட்டி உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கார்டன் பென்னட் கோப்பை என்று பெயர். 1906-இல் பாரிஸில் 16 பலூன்களோடு தொடங்கியது. முதல் கோப்பையை வாங்கிய அமெரிக்கர் ஃப்ராங்க் லாம், கடலைத் தாண்டி இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் போய் இறங்கினார். இதில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. புறப்பட்ட இடத்திலிருந்து யார் அதிக தூரத்தில் இறங்குகிறாரோ அவருக்குத்தான் கோப்பை. இறங்கினால் ஆட்டம் முடிந்தது. அதனால் இறங்க நல்ல இடம் கண்ணுக்குத் தெரியும்போதே 'இன்னும் கொஞ்ச தூரம்' என்று தோன்றும். இந்தப் பந்தயத்தில் நடந்த பல விபத்துகளுக்குப் பின்னால் அந்த இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது.

முதல் தவறு, பொள்ளாச்சியில் பார்த்ததும் இதுவும் ஒன்று என்று நினைப்பது. அங்கே பறப்பவை வெப்பக்காற்று பலூன்கள். எரிவாயு அடுப்பைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். எரிவாயு தீர்வதற்குள் இறங்கியாக வேண்டும் என்பதால் ஒரு பயணம் சாதாரணமாக ஒரு மணி நேரம்தான். கேஸ் பலூனில் அடுப்பே இல்லை. சுமார் 1000 கன மீட்டர் ஹைட்ரஜனோ ஹீலியமோ நிரப்பிய கோளம், கீழே இரண்டு பேர் நிற்கும் கூடை, கூடையைச் சுற்றி மணல் மூட்டைகள். ஏற வேண்டுமானால் மணலைக் கொட்ட வேண்டும். இறங்க வேண்டுமானால் உச்சியில் உள்ள வால்வைத் திறந்து வாயுவை விட வேண்டும். கொட்டிய மணலும் போன வாயுவும் திரும்ப வராது.

இரண்டாவது தவறு மணலைச் செலவழிப்பதில் நடக்கிறது. பகலில் வெயில் பட்டு வாயு விரிந்து, பலூனின் அடிக்கழுத்து வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். சூரியன் சாய்ந்ததும் மிச்ச வாயு குளிர்ந்து சுருங்கும், பலூன் தானாக இறங்க ஆரம்பிக்கும். அதைத் தடுக்க மணல் கொட்ட வேண்டும். ஆக ஒவ்வொரு சாயங்காலத்துக்கும் ஒரு வரி உண்டு. மறுநாள் காலையில் வெயில் ஏறும்போது பலூன் முந்தைய நாளைவிட இலேசாக இருப்பதால் இன்னும் உயரத்துக்குப் போய்விடும், அங்கே இன்னும் கொஞ்சம் வாயு போகும். முதல் இரவில் தாராளமாகக் கொட்டியவர் மூன்றாவது இரவில் தவிப்பார், மாதத் தொடக்கத்தில் சம்பளத்தைக் கரைத்தவர் இருபதாம் தேதி தவிப்பதைப் போல. அதைவிட மோசம், இறங்குவதற்கென்று ஒதுக்கி வைக்க வேண்டிய மூட்டைகளைத் தூரத்துக்காகக் கொட்டிவிடுவது. தரையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க மணல்தான் ஒரே பிரேக். குறுக்கே ஒரு மின்கம்பி தெரிந்தால் மேலே தூக்கவும் அதுதான் வேண்டும்.

நம் ஊர்க் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 15 டிகிரி குளிரில் 1000 கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறக்குறைய 1140 கிலோவைத் தூக்கும். கத்திரி வெயிலில், 40 டிகிரியில், காற்றே இலேசாகிவிடுவதால் அதே பலூன் சுமார் 1050 கிலோதான் தூக்கும். குறைகிற 90 கிலோவை எதில் கழிப்பது? ஆட்களைக் குறைக்க முடியாது, துணியையும் கூடையையும் குறைக்க முடியாது. மணலில்தான் கழிக்க வேண்டும். ஐரோப்பியக் கணக்கைப் பார்த்து வேலூரில் மே மாதம் கிளம்புகிறவர், கிளம்பும்போதே ஒரு ராத்திரிக்கான மணலை இழந்திருப்பார் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்தது இடி. எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது இதற்குத்தான். 1923-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய பந்தயத்தில் பலூன்கள் புயல் மேகத்துக்குள் போயின. மின்னல் தாக்கி ஸ்விட்சர்லாந்து, ஸ்பெயின், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுப் பலூன்களில் ஐந்து பேர் இறந்தார்கள். 2010-இல் பிரிட்டனின் பிரிஸ்டலில் இருந்து கிளம்பிய ரிச்சர்ட் அப்ருஸோ, கேரல் ரைமர் டேவிஸ் இருவரும் இத்தாலிக்குக் கிழக்கே ஏட்ரியாடிக் கடலுக்கு மேலே மோசமான வானிலையில் மாட்டிக்கொண்டார்கள். பலூன் கடலில் விழுந்தது, இருவரின் உடல்களும் டிசம்பரில்தான் கிடைத்தன. 2004-இல் இதே கோப்பையை ஜெயித்த ஜோடி அவர்கள். அப்ருஸோவின் அப்பா பென், 1978-இல் அட்லாண்டிக்கை முதன்முதலில் பலூனில் கடந்த மூவரில் ஒருவர். அனுபவம் இருந்தால் தப்பிவிடலாம் என்று நம்புவதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டிய தவறுதான்.

இடிமேகத்தை விமானம் சுற்றிப் போகும். பலூனுக்குத் திரும்பும் வசதி கிடையாது, காற்று போகிற பக்கம்தான் அதுவும் போகும். வளர்கிற இடிமேகமோ தன்னைச் சுற்றியுள்ள காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 'மேலே ஏறித் தாண்டிவிடலாம்' என்பது இன்னொரு தப்புக் கணக்கு. நம் வெப்ப மண்டலத்து இடிமேகங்களின் உச்சி 15 கிலோமீட்டரைத் தொடும், திறந்த கூடையில் அந்த உயரத்தில் உயிரோடு இருக்க முடியாது. ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் மத்தியானம் காலிஃபிளவர் மாதிரி மேகம் கட்டி, சாயங்காலம் ஆம்பூரிலும் வேலூரிலும் கொட்டித் தீர்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேகம் கட்டத் தொடங்கும்போதே இறங்கிவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு யோசித்தால் நனைந்த துணியின் எடையும் சேர்ந்து இழுக்கும்.

கடல் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே தரையை ஒட்டிய காற்று மேற்கிலிருந்து வீசும். வேலூரிலிருந்து நேர் கிழக்கே கடற்கரை சுமார் 125 கிலோமீட்டர். 40 கிலோமீட்டர் வேகக் காற்றில் மூன்று மணி நேரம் தாண்டியதும் கீழே வங்காள விரிகுடா, அதற்கப்புறம் அந்தமான் வரை தண்ணீர்தான். வடகிழக்குப் பருவத்தில் மேற்கே போகலாம், ஆனால் மழைக்காலம், மேற்குத் தொடர்ச்சி மலை, அதைத் தாண்டினால் அரபிக்கடல். கோட்டை மைதான யோசனையை நான் ஆதரிக்காததற்கு இது ஒன்றே போதும். 2005-இல் பெல்ஜியத்தின் பாப் பெர்பென், பென்வா சிமியோன் இருவரும் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியிலிருந்து கனடாவின் கியூபெக் வரை 3400 கிலோமீட்டர் போனார்களென்றால், அவர்களுக்குக் கீழே அவ்வளவு நிலம் இருந்தது.

அனுமதிக் காகிதம் கையில் இருந்தால் போதும் என்ற நினைப்பும் ஆளைக் கொன்றிருக்கிறது. 1995 செப்டம்பர் 12 அன்று, ஸ்விட்சர்லாந்திலிருந்து பறந்து வந்த ஒரு பலூனை பெலாரஸ் ராணுவ ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தியது. அலன் ஃப்ராங்கல், ஜான் ஸ்டூவர்ட்-ஜெர்விஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இறந்தார்கள். பந்தயத்தைப் பற்றி அந்நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தும் இது நடந்தது. அதே பந்தயத்தில்தான் வில்ஹெல்ம் ஐமர்ஸ், பெர்ண்ட் லாண்ட்ஸ்மன் என்ற ஜெர்மானியர்கள் 92 மணி நேரம் பறந்து சாதனை செய்தார்கள். நம் பக்கம் எல்லை இல்லையே என்று நினைக்கலாம். கிழக்கே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம், அதைத் தாண்டி சென்னை விமான நிலையம், கடலோரம் கல்பாக்கம், வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. நினைத்தபடி திரும்ப முடியாத ஒரு பொருளை இவற்றுக்கு நடுவே விடுவதற்கு எந்த அதிகாரியும் இலேசில் கையெழுத்துப் போடமாட்டார்.

தூக்கமும் ஆக்சிஜனும் சின்ன விஷயமாகத் தெரியும். ஒருவர் தூங்க ஒருவர் விழித்திருக்க வேண்டும், மூன்றாவது நாள் உயரம் கூடும்போது மூச்சுக்குக் குழாயை மாட்டிக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன் குறையும்போது பயம் வராது, ஒரு மாதிரி சந்தோஷம்தான் வரும். அதனால் 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று தோன்றுவதை வைத்து முடிவெடுக்கக் கூடாது, உயரமானியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஹைட்ரஜன் விஷயம் திருவிழாக் கடைத்தெரு வரைக்கும் பொருந்தும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே எரியும், 75 சதவீதம் வரை எரியும். பற்றவைக்கத் தேவையான பொறி, நைலான் துணி உரசிக் கையில் சுரீர் என்று உணரும் பொறியைவிடப் பல மடங்கு சிறியது. பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. பந்தயக்காரர்கள் பருத்தி உடை போட்டு, நிரப்பும்போது எல்லாவற்றையும் எர்த் செய்வது இதனால்தான். காஸ்டிக் சோடாவில் அலுமினியத் துண்டுகளைப் போட்டு, துருப்பிடித்த சிலிண்டரில் இதே வாயுவைத் தயாரித்து பலூன் விற்கிறவர்கள் நம் தேர்த் திருவிழாக்களிலும் உண்டு. அந்த சிலிண்டருக்குப் பக்கத்தில் குழந்தையை நிறுத்தி வேடிக்கை காட்டாதீர்கள்.

கடைசியாக, தரையிறக்கம். 2023-இல் ஆல்புகர்க்கியில் கிளம்பிய போலந்துப் பலூன் டெக்சாஸில் மின்கம்பியில் மோதித் தீப்பிடித்தது, இரண்டு பேரும் காயத்தோடு தப்பினார்கள். வேலூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரை வயல்களைக் குறுக்கே வெட்டிப் போகிற டவர் லைன்களையும் தென்னந்தோப்புகளையும் நினைத்துப் பார்த்தால், இருட்டிய பிறகு இங்கே இறங்குவது எப்படி இருக்கும் என்று தெரியும். வெளிச்சம் இருக்கும்போது, மூட்டை மிச்சம் இருக்கும்போது, காற்றுப் போகும் திசையில் வெட்டவெளி இருக்கும்போது இறங்க வேண்டும். கூடை தரையைத் தொட்டதும் சந்தோஷத்தில் ஒருவர் வெளியே குதித்துவிடக் கூடாது. அவருடைய எழுபது கிலோ குறைந்ததும் பலூன் மற்றவரைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிளம்பிவிடும், அந்த நேரத்தில் கூடையில் மணலும் இருக்காது. அவசரத் திறப்புக் கயிற்றை இழுத்து, வாயு முழுவதும் போய், துணி தரையில் படுக்கும்வரை இருவரும் கூடைக்குள்ளேயே இருக்க வேண்டும். பீடி, சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க ஓடிவருகிறவர்களைத் தூரத்திலேயே நிறுத்துவதும் அப்போது கூடையில் இருக்கிற இருவரின் வேலைதான்.