நாய் இழுத்தால் நீங்கள் நின்றுவிடுங்கள்

கயிறு மாட்டி நடக்கக் கூட்டிப்போகும்போது நாய் முன்னால் இழுத்தால் நாமும் பதிலுக்கு இழுக்கிறோம். அது இன்னும் பலமாக இழுக்கும். இழுவைக்கு எதிராக உடம்பைக் கொடுப்பது நாயின் இயல்பு. அதனால் கயிறு இறுகியதும் அப்படியே நின்றுவிடுங்கள். அதட்ட வேண்டாம், வெட்டி இழுக்கவும் வேண்டாம். நாய் திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வாங்கியோ கயிறு தொய்ந்த அந்த நொடியில் "சரி" என்று சொல்லி, உங்கள் காலருகே ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்துவிட்டு நடங்கள். முதல் வாரம் தெருமுனைக்குப் போகவே கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். ஒரு நாள் நின்று, மறுநாள் அவசரத்தில் இழுத்த இழுப்புக்குப் போனால், இழுத்தால் காரியம் நடக்கும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் இதே முறையில் நடத்துவது அவசியம்.

ஆறடி நீளச் சாதாரணக் கயிறு போதும். தானே நீண்டு சுருங்கும் வகைக் கயிற்றில் எப்போதும் ஒரு இழுவை இருந்துகொண்டே இருக்கும், பழக்கும்போது அது வேண்டாம்.

அப்புறம், "வா" என்றால் வரப் பழக்க முப்பதடிக் கயிறு வாங்குங்கள். அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். ஓடிய வேகத்தில் சுண்டினால் கழுத்தில் அடிபடும். மார்புப் பட்டையில் மாட்டுங்கள். ஒரே ஒரு தடவை "வா" சொல்லுங்கள். வரவில்லையா? கயிற்றை மெதுவாகச் சுருட்டிக்கொண்டே நீங்கள் பின்னால் நகருங்கள், அது உங்களை நோக்கி வரும். வந்ததும் திட்டாமல் கொஞ்சுங்கள், தாமதமாக வந்திருந்தாலும்.