கை ஸ்கேனர் புதுசா? ஸ்கெல்ச்சில் தொடங்குங்கள்

கொடைக்கானலில் ஸ்கேனர் (பல அலைவரிசைகளை மாறிமாறித் தேடிக் கேட்கும் கையடக்க ரேடியோ) பழகுபவர்கள் முதலில் 100.5 மெகாஹெர்ட்ஸில் கொடை பண்பலையை வைத்துப் பாருங்கள். தெளிவாகக் கேட்டால் ஆன்டெனா சரி. அப்புறம் ஸ்கெல்ச், அதாவது சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் திருகு. ஆளில்லாத அலைவரிசையில் வைத்து, இரைச்சல் சட்டென்று அடங்கும் இடம்வரை திருப்பி அங்கேயே விடுங்கள். அதற்கு மேல் கூட்டினால் மெல்லிய சிக்னல்கள் கேட்காது. குறைத்தாலோ ஸ்கேன் வெறும் இரைச்சலிலேயே நின்றுகொண்டிருக்கும். பாதிப் பேர் இங்கேதான் அலுத்துப்போய்க் கருவியை மூலையில் போடுகிறார்கள். விமானிகள் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்கு ஏஎம் முறை வேண்டும். ஹாம் ஆட்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) 144-146இல், எஃப்எம். காவல்துறை அலைவரிசை பக்கம் போகாதீர்கள், வம்பு. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. அதனால் பள்ளத்து வீட்டுக்குள் தேடுவதைவிட மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக் ஓரம் நிற்பது மேல். மூடுபனி இருந்தாலும் பாதகமில்லை.