ராத்திரி கடித்தது மூட்டைப்பூச்சியா, அதன் பெரியண்ணனா?

ராயபுரத்தில் என் பெரியம்மா வீடு பழைய ஓட்டு வீடு. பின்னால் விறகு அடுக்கு, மேலே பரண், பரண் முழுக்கத் தாத்தா காலத்துப் பேப்பர் கட்டு. போன ஐப்பசி மழையில் நாலு நாள் அங்கே மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் விடிகாலை எழுந்தால் முழங்கைக்கு மேல் பணியாரம் மாதிரி வீங்கி நிற்கிறது, அரிப்பு தாங்கவில்லை. "மூட்டைப்பூச்சிடா, எண்ணெய் தடவு" என்றார் பெரியம்மா. தலையணையைத் தூக்கினால் அடியில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பூச்சி, கழுத்துப் பக்கமும் வயிற்றின் ஓரமும் செம்மஞ்சள் கோடு, குடித்த ரத்தத்தில் வயிறு புடைத்து ஓடக்கூட முடியாமல் கிடந்தது. மூட்டைப்பூச்சி அரை சென்டிமீட்டர்தான் இருக்கும், அதற்கு இறக்கையும் கிடையாது. இது வேறு ஆள்.

போட்டோ எடுத்து இணையத்தில் தேடினால் 'கிஸ்ஸிங் பக்', சாகஸ் நோய், இதயம் வீங்கும் என்று வரிசையாக வந்து வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது. உங்களுக்கும் இப்படி ஒன்று கிடைத்தால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: சாகஸ் லத்தீன் அமெரிக்காவின் நோய். 1909இல் பிரேசிலின் லசான்ஸ் ஊரில் கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்தது. டிரிபனோசோமா குரூசி என்ற ஒட்டுண்ணிதான் காரணம், அது இங்கே நம் வீட்டுப் பூச்சிகளில் இல்லை. அங்கேயும் கடியால் நோய் வருவதில்லை. பூச்சி ரத்தம் குடித்துக்கொண்டே பக்கத்தில் எச்சம் போடும், நாம் தூக்கத்தில் சொறியும்போது அந்த எச்சம் காயத்திலோ கண்ணிலோ போய்ச் சேரும், கிருமி அதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் முகத்தில் கடிப்பதால் பிரேசிலில் இதற்கு 'பார்பெய்ரோ' என்று பெயர், அதாவது சவரம் செய்பவர்.

இந்தக் 'கிஸ்ஸிங் பக்' கூட்டத்தில் நம் ஊரில் கிடைப்பது டிரையாடோமா ரூப்ரோஃபாசியாட்டா. எலியோடு கப்பல் ஏறி உலகத்துத் துறைமுகங்களுக்கெல்லாம் போன இனம், ராயபுரத்தில் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. சென்னைக்கு இது புதுசும் இல்லை. இங்கே பொது மருத்துவமனையில் வேலை பார்த்த டோனவன் என்ற டாக்டர், காலா அசார் என்ற கருங்காய்ச்சலை இந்தப் பூச்சி பரப்புகிறதோ என்று சந்தேகப்பட்டு எழுதியதும் அதே 1909இல்தான். அது தப்பான ஆள் என்று பிறகு தெரிந்தது, பரப்பியது மணல் ஈ.

சரி, பிடிப்பது எப்படி? வெறுங்கையால் நசுக்காதீர்கள். ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றைச் செருகி, மூடியுள்ள டப்பாவில் தள்ளி ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள். செத்ததும் மல்லாக்கப் போட்டு மூக்கைப் பாருங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது. ரத்தம் குடிக்கும் வகைக்கு உறிஞ்சுகுழல் மெலிசாக, நேராக, மூன்று கணுவோடு தலைக்கு அடியில் மடங்கி இருக்கும். மற்ற பூச்சியைக் குத்தித் தின்னும் இதன் பங்காளிகளுக்கு அது தடியாக, கொக்கி மாதிரி வளைந்திருக்கும். முருங்கையிலும் அவரையிலும் சாறு குடிக்கும் வகைக்கு நாலு கணு. சந்தேகமாக இருந்தால் லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது, டப்பாவோடு போய்க் கேட்கலாம்.

கடித்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஐஸ் வையுங்கள், சொறியாதீர்கள். ஆனால் உடம்பெல்லாம் தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ எண்ணெய் தடவிக்கொண்டு உட்காராமல் 108க்குப் போன் போடுங்கள். இதன் எச்சில் சிலருக்குக் கடும் அலர்ஜி தரும், நம் ஊரில் இந்தப் பூச்சியிடம் நிஜமாகப் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

இனி ஒழிப்பது. நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எலிதான் காரணம் என்று படித்தவுடன் பரணில் எலி மருந்து வைத்தேன். எலி அங்கேயே எங்கோ செத்து வீடே நாறியது, அது போதாதென்று அடுத்த வாரம் இன்னும் இரண்டு பூச்சி கீழே இறங்கி வந்தன. யோசித்தால் நியாயம்தான். அதன் சாப்பாடு எலி ரத்தம், சாப்பாடு போய்விட்டால் அடுத்த சூடான உடம்பைத் தேடி வருகிறது. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கக்கூடிய ஜென்மம் வேறு. முட்டையிலிருந்து வந்தபின் ஐந்து பருவம், இறக்கை இல்லாத குஞ்சும் ரத்தம்தான் குடிக்கும், வயிறு நிறைந்து விரிந்தால்தான் அடுத்த தோலே உரிக்கும்.

அதனால் முதலில் ஒளிவிடத்தைக் கலையுங்கள். பகல் வெளிச்சத்தில், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு பேப்பர் கட்டு, சாக்கு, தேங்காய் மட்டை, உடைந்த கட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். விறகையும் செங்கல்லையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், கோழிக்கூண்டு இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். சுவர் விரிசலைச் சிமென்ட் பூசி அடையுங்கள். ஏசி குழாய் போகும் ஓட்டை, சமையலறைச் சாக்கடைக் குழாய் ஓட்டை இரண்டிலும் இரும்பு வலையைத் திணித்து மேலே பூசுங்கள், எலி வெறும் சிமென்டைப் பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடும். இதையெல்லாம் செய்துகொண்டே கூண்டுப் பொறி வையுங்கள், மசால்வடை போதும்.

மருந்து அதற்கு அப்புறம்தான். டெல்டாமெத்ரின் மாதிரி சுவரில் தங்கி வேலை செய்யும் பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்தை, தெரிந்த ஆளை வைத்து விரிசலிலும் பரண் மூலையிலும் அடிக்கச் சொல்லுங்கள். முட்டை அதற்குத் தப்பிக்கும், ஆகவே ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கொசுவர்த்திக்கு இது அசையாது, தெருவில் போகும் கொசுப் புகையும் விரிசலுக்குள் இருப்பதைத் தொடாது. மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய வைத்தியம் தீ விபத்துக்குத்தான் வழி. அதுவரை கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத் தூங்குங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்துங்கள், வாசல் விளக்கை ராத்திரி அணையுங்கள், வளர்ந்த பூச்சி வெளிச்சத்துக்குப் பறந்து வரும்.

போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள செலவில்லாத வழி ஒன்று உண்டு. படுக்கைக்கு மேல் சுவரிலும் பரண் ஓரத்திலும் வெள்ளைத் தாள் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். பூச்சி இருந்தால் கறுப்பும் வெள்ளையுமாக ஒழுகிய கோடு விழும், உரித்த தோலும் கிடைக்கலாம். பல்லி எச்சம் வேறு, அது கெட்டியான கறுப்பு உருண்டை, ஒரு நுனி வெள்ளை. பெரியம்மா வீட்டில் மூன்று மாதமாகப் பல்லி மட்டும்தான்.