கூடு பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பறவைக் கூடு தேடும் புதியவர்களோடு நடக்கும்போதெல்லாம் என் பழைய முட்டாள்தனங்கள் ஒவ்வொன்றாக எதிரே வருகின்றன. முட்டையை எடுக்காதே, கல்லெறியாதே என்றெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆசையாய்ப் பார்க்கப் போய்ச் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

ஆள்காட்டி முட்டைக்குப் பக்கத்தில் உட்காருவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஆள்காட்டிக் குருவிக்குக் கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கட்டாந்தரையில் சிறு குழி, சுற்றிலும் சில கூழாங்கற்கள், நடுவே பெரும்பாலும் 4 முட்டைகள். மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருப்பதால் மிதிக்கிற தூரத்தில்கூடக் கண்ணில் படாது. முதன்முதலில் கண்டுபிடித்த பெருமையில், உச்சி வெயிலில் பத்தடி தள்ளி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தித் தீர்த்தது. 'வெயில்தானே, முட்டைக்குச் சூடு தானாகக் கிடைக்கும்' என்று சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் பறவை முட்டை மேல் இருப்பதே நிழல் கொடுக்கத்தான். வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையை ஈரமாக்குவதும் உண்டு. கொதிக்கிற மண்ணில் திறந்து கிடந்தால் உள்ளே கரு செத்துவிடும். அடைகாப்பு சுமார் 4 வாரம். அந்த நாளுக்கு அப்புறம் தூரத்திலிருந்தே பார்த்து வந்தேன், ஒன்றுகூடப் பொரியவில்லை. வேறு காரணம் இருக்கலாம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் கேட்டுக்கொள்வேன், நம்ப மாட்டேன். போன கோடையில் ஒருவர் கேமராவைத் துடைத்துக்கொண்டே அதே சமாதானத்தை என்னிடம் சொன்னார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஆள்காட்டி கத்தினால் வந்த வழியே திரும்புங்கள். அடையாளக் கல்லும் வைக்காதீர்கள். நீங்கள் குனிந்த இடத்தைக் காகமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

பாதியில் நிற்கும் தூக்கணாங்குருவிக் கூடு

கைவிட்ட கூடு என்று அறுத்து வந்து வீட்டில் தொங்கவிடுவார்கள். ஆண் பாதி பின்னிவிட்டுக் காத்திருக்கும். பெண் வந்து பார்த்து, பிடித்தால்தான் மீதி வேலை. அவள் வருவதற்குள் நீங்கள் வீட்டையே தூக்கிவிட்டீர்கள்.

படத்துக்காகத் தையல்சிட்டின் இலையை ஒதுக்குவது

அது தைத்து வைத்த அந்த இலைதான் கூடு.

தரையில் தத்தும் குஞ்சு

இறகு முளைத்திருந்தால் பறக்கப் பழகுகிறது, விட்டுவிடுங்கள். முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை.

காகக் கூட்டில் குயில் குஞ்சு

காகத்துக்கு நியாயம் வாங்கித் தர மரமேறுகிறவர்கள் உண்டு. ஏறினால் காகம் உங்கள் தலையைத்தான் கொத்தும்.