பாடுபவரின் குரலை ஹெட்போனில் கேட்டபடியே கணினியில் பதிவது எப்படி?

தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாட்டு என்று நினைவிலிருந்தே பாடக்கூடிய அம்மாயிகளும் தாத்தாக்களும் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒப்பாரியை இன்னொரு தடவை பாடுங்கள் என்று கேட்க மனம் வராது. அதனால் மைக் எதைப் பிடிக்கிறது என்பதைப் பதிவு ஓடும்போதே கேட்டாக வேண்டும். திரையில் ஆடும் அலையை மட்டும் நம்ப முடியாது. தகரக் கூரையில் விழும் தூறலும் சேலை மைக்கில் உரசுவதும் அலையில் பிரிந்து தெரியாது, காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போதும்

மைக் பிடித்த குரல் ஸ்பீக்கரில் வரும். அதை மைக் மறுபடி பிடிக்கும், ஸ்பீக்கர் மறுபடி பெருக்கும். சுற்றுக்குச் சுற்று கூடி, ஒரு நொடியில் 'கீ' என்று ஊளையிடத் தொடங்கும். 10க்கு 12 அடி லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) ஸ்பீக்கரை எந்த மூலையில் வைத்தாலும் அது மைக்குக்குப் பக்கம்தான். ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டுமென்றால் அதை வேறு அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள்.

ஹெட்போன் வயருள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி நன்றாகவே பிந்தி வரும்.

இணைப்பு

மேசைக் கணினியில் மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை, ஹெட்போனுக்குப் பச்சை. மடிக்கணினியில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே துளைதான். தனி மைக்கை அதில் நேராகச் செருகினால் வேலை செய்யாது. மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனியாகப் பிரியும் வயர் ஒன்று வேண்டும். யுஎஸ்பி மைக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸில் செய்ய வேண்டியது

1. ஹெட்போனைச் செருகி, சத்தத்தை 10க்குக் குறையுங்கள். இதை முதலில் செய்யாவிட்டால் காது வலிக்கும்.
2. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதை அழுத்துங்கள்.
3. 'ரெக்கோர்டிங்' பக்கத்தில் உங்கள் மைக்கைத் தெரிந்து 'புரொப்பர்ட்டீஸ்' திறவுங்கள்.
4. 'லிசன்' பக்கத்தில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' பெட்டியில் சரி அடையாளம் போடுங்கள். அதன் கீழுள்ள பட்டியலில் ஹெட்போனைத் தெரிந்து 'அப்ளை' கொடுங்கள். குரல் காதில் வரும்.
5. 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில், ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளப்பது என்ற எண்ணை 48000 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஹெட்போனுக்கும் பதிவு மென்பொருளுக்கும் அதே எண்தான்.

ஓடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பதிபவர்கள் அதற்குள்ளேயும் இதேபோல் கேட்கும் வசதி இருப்பதைக் காண்பார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் போடுங்கள். இரண்டையும் போட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும்.

குரல் பிந்தி வந்தால்

மைக்கிலிருந்து கணினிக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் ஒலி சற்றுப் பிந்திவிடும். பிந்திய தன் குரலையே கேட்டுக்கொண்டு பாடுபவருக்குத் தாளம் இழுபடும், சொல் தடுமாறும். ஆகவே ஹெட்போன் பதிபவரின் காதில்தான் இருக்க வேண்டும், அம்மாயியின் காதில் அல்ல. கேட்பவருக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. பாடுபவரும் கேட்கத்தான் வேண்டுமென்றால், 'டைரெக்ட் மொனிட்டர்' உள்ள யுஎஸ்பி ஓடியோ பெட்டி வாங்குங்கள். அது குரலைக் கணினிக்குள் விடாமலே ஹெட்போனுக்கு அனுப்பிவிடும். அப்போது 'லிசன்' அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

அளவு

ஹெட்போன் சத்தம் வேறு, பதிவாகும் அளவு வேறு. காதில் சின்னதாகக் கேட்கிறது என்று மைக் அளவைக் கூட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. பதிவு மென்பொருள் காட்டும் அளவில் பாட்டின் உச்சம் −12க்கும் −6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். எல்லையான 0ஐத் தொட்டு உடைந்த ஒலியைப் பிறகு முழுதாகத் திருத்த முடியாது. மைக்கின் ஒலியைப் பெருக்கும் 'மைக்ரோபோன் பூஸ்ட்' கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். அதைவிட மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவது மேல். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் ஏறும்.

பாட்டோடு தப்பு என்ற தோல் பறையை அடிப்பதாக இருந்தால், அதை நெருப்பில் காய்ச்சிய பிறகே அளவு பாருங்கள். குளிரில் தொய்ந்த தோலுக்கும் காய்ந்து இறுகிய தோலுக்கும் சத்தம் அவ்வளவு வேறுபடும்.

காதில் இவை கேட்டால்

'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட விடுங்கள். நின்றுவிட்டால் அது கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். அன்றைய பதிவை பற்றரியிலேயே முடியுங்கள்.

ஒன்றுமே கேட்கவில்லையென்றால் செட்டிங்ஸின் பிரைவசிப் பகுதியில் மைக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

மழைக்கு மருந்து கிடையாது, நேரம் பார்ப்பதுதான் வழி. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தகரத்தை ஓயவிடாது. அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும் என்பதால் காலையிலேயே பதிந்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் முதலில் 'லிசன்' அடையாளத்தை எடுங்கள், பிறகு ஹெட்போனைக் கழற்றுங்கள். மாறிச் செய்தால் ஒலி ஸ்பீக்கருக்குத் தாவி, பக்கத்துக் காம்பராவில் தூங்கும் குழந்தைவரை ஊளை கேட்கும்.