பழைய டெஸ்க்டாப்பில் புது கேம்: எதை முதலில் மாற்றுவது?

“எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?” பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பதில் சொல்வதற்கு முன் நான் நான்கு விஷயங்களைத் திருப்பிக் கேட்பேன். பவர் சப்ளை எத்தனை வாட்? அதிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6 பின் அல்லது 8 பின் வயர் வருகிறதா? கேபினெட் ஒல்லியானதா, முழு உயரமா? ரேம் ஒரே ஸ்டிக்கா, இரண்டா? இந்த நான்குக்கும் விடை கையில் இருந்தால் கார்டு எது என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால், பெட்டியைப் பிரித்த பிறகுதான் அது உள்ளே நுழையாது என்பது தெரியவரும். எனக்கு ஒரு முறை அப்படி நடந்தது. கார்டின் முனை ஹார்டு டிஸ்க் கூண்டில் போய் முட்டியது. ஒன்றரை சென்டிமீட்டர்தான் குறைவு, ஆனால் கார்டைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கே உதாரணத்துக்கு ஒரு சாதாரண மெஷினை எடுத்துக்கொள்கிறேன். 2013, 2014 வாக்கில் அலுவலகங்களுக்காக வந்த டெஸ்க்டாப்: இன்டெல் ஐ5-4570 பிராசஸர், 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக, ஒரு ஹார்டு டிஸ்க், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. உங்களுடையது இதைவிடப் புதிதாக இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

படி 1: உள்ளே இருப்பதை எழுதி வையுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். பிராசஸரின் பெயர், ரேமின் அளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதெல்லாம் அங்கேயே தெரியும். மதர்போர்டின் பெயருக்கு ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடுங்கள்.

பிராசஸரைப் பற்றி இப்போதே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். சில புது கேம்கள் ஏவிஎக்ஸ்2 என்ற வசதி பிராசஸரில் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. இன்டெல்லில் 4-ஆம் தலைமுறை ஐ3, ஐ5, ஐ7-இலிருந்து அது உண்டு. 3-ஆம் தலைமுறையில் இல்லை. 4-ஆம் தலைமுறையிலேயே பென்டியம், செலரான் என்றால் அதிலும் இல்லை. உங்களிடம் இருப்பது 2-ஆம் அல்லது 3-ஆம் தலைமுறை என்றால் அதில் பணம் போட வேண்டாம் என்றே சொல்வேன். இருப்பதில் ஓடும் பழைய கேம்களை ஆடிக்கொண்டே அடுத்த மெஷினுக்குச் சேர்த்து வையுங்கள்.

அடுத்து மெஷினை அணைத்து, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் கேபினெட்டின் வெறும் இரும்பை ஒரு தடவை தொடுங்கள். கையில் இருக்கும் ஸ்டாட்டிக் அதில் இறங்கிவிடும். பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளை போனில் படம் எடுங்கள். நீளமான கிராஃபிக்ஸ் ஸ்லாட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து எதிரே முதலில் தடுக்கும் பொருள் வரை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டது இந்த அளவைத்தான்.

படி 2: ரேமும் எஸ்எஸ்டியும்

கார்டுக்கு முன்னால் இவை இரண்டும். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

என் தம்பியின் மெஷினில் ஓரளவு நல்ல கார்டே இருந்தது. ஆனாலும் கேமில் மெதுவாகத் திரும்பினால் சரியாக இருக்கும், சட்டென்று திரும்பினால் படம் ஒரு நொடி உறைந்து அப்புறம் தாவும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் 8 ஜிபி ரேமில் 7.6 நிரம்பியிருந்தது. அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கைப் போட்டோம். உறைவது நின்றுவிட்டது. செட்டிங்கில் ஒன்றைக்கூட மாற்றவில்லை.

இதில் இரண்டு லாபம். ரேம் 16 ஜிபி ஆகிவிடுவது ஒன்று. இரண்டு ஸ்டிக் இருந்தால் பிராசஸர் இரண்டு தடத்திலும் ஒரே நேரத்தில் தரவை இழுக்கும் என்பது மற்றொன்று. டூயல் சேனல் என்பது அதுதான். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பல போர்டுகளில் இந்த லாபம் கிடைக்காது. ஜோடி ஸ்லாட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரே நிறம் கொடுத்திருப்பார்கள். போர்டின் மேனுவலில் எது ஜோடி என்று படமே இருக்கும்.

வாங்கும்போது டிடிஆர்3-யா டிடிஆர்4-ஆ என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று போகாது, நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஐ5-4570 மெஷினுக்கு டிடிஆர்3, 1600 வேகம் போதும். பொருத்தும்போது வெட்டை நேராக வைத்து இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். கொக்கி தானாக ஏறி டக்கென்று சத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தால் இன்னும் முழுதாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

ஹார்டு டிஸ்க் விநாடிக்குச் சுமார் 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்தான் எஸ்எஸ்டி. அதில் சாதாரண சாட்டா வகையே 500 எம்பிக்கு மேல் படிக்கும். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஊரையும் காட்டையும் டிஸ்கிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும் கேம்கள் இப்போது அதிகம். பால்டர்ஸ் கேட் 3, ஸ்டார்ஃபீல்டு இரண்டுமே குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று போட்டிருக்கின்றன. எம்.2 ஸ்லாட் (புது வகை எஸ்எஸ்டியைப் போர்டிலேயே செருகும் இடம்) இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பழைய போர்டுக்கு சாட்டா எஸ்எஸ்டி தாராளம். விண்டோஸைப் பழையதிலிருந்து நகலெடுக்காமல் புதிதாகப் போடுங்கள், பத்து வருஷக் குப்பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

படி 3: பவர் சப்ளையும் 75 வாட் கணக்கும்

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள், மெஷின் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

கிராஃபிக்ஸ் ஸ்லாட் தன் வழியாகவே கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும்: 6 பின் வயர் இன்னொரு 75 வாட், 8 பின் வயர் 150 வாட். அலுவலக டெஸ்க்டாப்களில் பவர் சப்ளை 240 முதல் 300 வாட்டுக்குள்தான் இருக்கும், இந்தத் தனி வயர் பெரும்பாலும் இருக்காது.

உடனே கடையில் சாட்டா வயரிலிருந்து 8 பின்னாக மாற்றும் கேபிள் ஒன்றைக் காட்டுவார்கள். வாங்காதீர்கள். சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்றே பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் 54 வாட். அதன் வழியாக 150 வாட் இழுத்தால் பிளக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

பவர் சப்ளையையே மாற்றிவிடலாமே என்றால், மாற்றலாம். ஆனால் டெல், எச்பி, லெனோவோ அலுவலக மாடல்கள் பலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் பிளக், வழக்கமான 24 பின்னாக இருக்காது. அந்தந்த மாடலுக்கென்று மாற்று கேபிள் கிடைக்கிறது. புது சப்ளை வாங்கும் முன் உங்கள் மாடலின் பெயரைப் போட்டு அந்தக் கேபிளைத் தேடிப் பார்த்துவிடுங்கள். ஒல்லி கேபினெட் என்றால் சாதாரண சப்ளை உள்ளே நுழையவே நுழையாது. அங்கே 75 வாட்டுக்குள் முடித்துக்கொள்வதுதான் வழி.

படி 4: கார்டைத் தேர்ந்தெடுப்பது

தனி வயர் இல்லாத மெஷினுக்கு என் முதல் தேர்வு 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050. 2024-இல் வந்தது, 70 வாட். ஒல்லி கேபினெட்டுக்கான குட்டை வடிவமும் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 2022-இல் வந்த 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-யும் இதே பெயரில்தான் விற்பனையாகிறது. அது 130 வாட், தனி வயர் கேட்கும். பெட்டியில் ஜிபி எவ்வளவு என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் பார்த்தால் 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி, 75 வாட். அதிலும் சில மாடல்களில் 6 பின் குழி வைத்திருக்கிறார்கள், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட் என்பதால் பலரும் பரிந்துரைப்பார்கள். பழைய மெஷினுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஸ்லாட்டில் தரவு போக 16 தடம் இருந்தாலும் அந்தக் கார்டு நான்கைத்தான் பயன்படுத்துகிறது. ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வகையாக உள்ள போர்டில் அது பரவாயில்லை, பழைய 3.0 போர்டில் தரவு போகும் வேகம் பாதியாகிவிடும். கார்டின் 4 ஜிபி நிரம்பியதும் அந்தக் குறுகிய வழியில் தரவு நெரிசலாகும், படம் திக்கும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு, கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே தடவையில் அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி தேவை. பத்து வருஷப் போர்டில் அது பெரும்பாலும் இருக்காது.

8 பின் வயரும் நல்ல சப்ளையும் இருந்தால் ஆர்எக்ஸ் 6600 வரை போகலாம், 132 வாட், 8 ஜிபி. நான்கு கோர் ஐ5-உடன் அதற்கு மேலான கார்டைக் கட்டினால் பிராசஸரால் ஈடுகொடுக்க முடியாது.

மானிட்டரையும் மறக்காதீர்கள். இந்தக் கார்டுகளில் பழைய நீல நிற விஜிஏ குழி கிடையாது.

படி 5: பொருத்துவது

மெஷினை அணைத்து, வயரைப் பிடுங்கி, இரும்பைத் தொட்டு, அதே சடங்கு. பின்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். கார்டை நீள ஸ்லாட்டுக்கு நேராகப் பிடித்து, ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கி சத்தம் போடும் வரை சமமாக அழுத்துங்கள். ஸ்க்ரூவை முறுக்கிக் கார்டை நிறுத்துங்கள். மானிட்டர் வயரைக் கார்டின் குழியில் மாட்டுங்கள். மதர்போர்டு குழியிலேயே விட்டுவிட்டு “கார்டு வேலை செய்யவில்லை” என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும்.

படம் வரவில்லையா? ரேமைக் கழற்றி மாட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் கார்டை எடுத்துவிட்டு, மதர்போர்டு தயாரித்தவரின் தளத்திலிருந்து பயாஸை, அதாவது மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளை, புதுப்பித்து மறுபடி முயலுங்கள். பழைய பயாஸ் புதுக் கார்டை அடையாளம் காணாமல் போவது உண்டு.

மூடியை மாட்டுவதற்கு முன் பிராசஸர் ஃபேனையும் பாருங்கள். பத்து வருஷம் ஓடிய மெஷினில் ஃபேனுக்கு அடியில் தூசி மெத்தை போலப் படிந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பழையதைத் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும்.

படி 6: டிரைவர், செட்டிங், சோதனை

டிரைவரை என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்தே இறக்குங்கள். முன்பு வேறு நிறுவனத்தின் கார்டு இருந்திருந்தால் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரால் பழையதைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ, ஒரு சிலவற்றைத் தவிர, இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை; நம் ஐ5-4570-க்கும் அனுமதி இல்லை. பேட்டில்ஃபீல்டு 6 போன்ற ஆன்லைன் கேம்கள் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பயாஸ் வசதி) இல்லாமல் ஆட விடாது. அப்புறம், இண்டியானா ஜோன்ஸ் அண்டு த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டும், ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. ஜிடிஎக்ஸ் 1650-ஐ வாங்கிவிட்டு அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேமைத் திறந்ததும் டெக்ஸ்சரை மீடியத்தில் வையுங்கள், நிழலைக் குறையுங்கள். நிழல் கார்டையும் பிராசஸரையும் சேர்த்தே வாட்டும். சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதியையும் போடுங்கள்: ஆர்டிஎக்ஸ் கார்டு என்றால் டிஎல்எஸ்எஸ், மற்றவற்றுக்கு எஃப்எஸ்ஆர். 1080பி திரையில் குவாலிட்டி என்று வைத்தால் கார்டு உண்மையில் வரைவது 720பி படத்தைத்தான், மீதியைக் கணக்குப் போட்டு நிரப்பும். பழைய மெஷினுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இனி எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரைப் போட்டு, கார்டின் பயன்பாட்டையும் வெப்பத்தையும் திரை ஓரத்தில் ஓட விடுங்கள். பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டு தன் முழு பலத்தையும் கொடுக்கிறது. 60 சதவீதத்தில் தொங்கிக்கொண்டு கேம் திக்கினால் தடை பிராசஸரிடம் இருக்கலாம். ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (விநாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) கொஞ்சமும் ஏறவில்லை என்றால் பிராசஸர்தான். ஐ5-4570 இருக்கும் அதே சாக்கெட்டில் ஐ7-4770 உட்காரும், ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள், அதாவது த்ரெட், நான்கிலிருந்து எட்டாகும். செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் போடலாம். ரைசன் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல காலம்: 2017-இல் வந்த போர்டுகள் பலவற்றிலும் பயாஸைப் புதுப்பித்தால் ஆறு கோர் ரைசன் 5 5600 ஏறும்.

கேமிலேயே எஃப்பிஎஸ் வரம்பை 60 என்று வையுங்கள். 60-ஐ எட்டவில்லை என்றால் 45. நூறுக்கும் நாற்பதுக்கும் தாவிக்கொண்டிருப்பதைவிட 45-இல் அசையாமல் நிற்பது கண்ணுக்கு எவ்வளவோ சுகம். பக்கவாட்டு மூடியை ஸ்க்ரூ இல்லாமல் சும்மா மாட்டி அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். பிராசஸர் 90 டிகிரியைத் தொட்டால் ஃபேனுக்குத் திரும்பப் போக வேண்டும். தொடாமல், எஃப்பிஎஸ்ஸும் இறங்காமல் நின்றால் ஸ்க்ரூவை முறுக்கிவிடலாம்.